அத்தையின் பாத்தி

பிள்ளைப்பாக்கத்தில் என் வீட்டுக்குப் பின்னால் பதினோரு கத்திரிச் செடிகள் வைத்திருக்கிறேன். தொழு எரு, வேப்பம் புண்ணாக்கு, சாம்பல், அவ்வளவுதான். காலையில் பதினேழு கம்பெனி பஸ்கள் போய் முடிவதற்குள் புழு பொறுக்கிவிடுவேன். மாடி அறையில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பையன் ஷிப்ட் முடிந்து வந்தவன் நின்று பார்த்துவிட்டு, "யூரியாவே தொட்டதில்லையா தாத்தா?" என்றான். தொட்டதில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் ஒன்பதாவது வயதில் எங்கள் வீட்டுக்கு முதல் யூரியா மூட்டை வந்தது. அப்பா அதைப் பரண்மேல் ஏற்றினார். வீட்டுத் தோட்டத்துக்கும் இனி இதுதான் என்றார். அதுவரை தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது அவருடைய அக்கா, என் அத்தை. கலியாணமான மூன்றாம் வருஷமே புருஷனை இழந்து எங்களோடு வந்து தங்கியவர். எருக்குழியையும் வேப்பங்கொட்டை ஊறும் பானையையும் தவிர அந்த வீட்டில் அவருக்கென்று எதுவும் இல்லை.

"ஒரு பாத்திய மட்டும் என் கைல வுடு தம்பி," என்றார் அத்தை. "மாதா கோயில் கொடியேத்தறதுக்குள்ள உன் பாத்திய வுட ஒரு காய் கொறஞ்சாலும் நான் வாலாஜாபாத் கன்னியாஸ்திரி மடத்துக்குச் சமைக்கப் போயிடறேன். கூப்டுகினே கீறாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. அப்பா சரி என்றார்.

ஆளுக்கு இருபத்து நான்கு கத்திரிச் செடி. காய் எண்ணும் பொறுப்பு எனக்கு. நான் தப்பாக எண்ணமாட்டேன் என்று இருவரும் நம்பினார்கள். ஒரு மாதத்தில் அப்பாவின் செடிகள் கருகருவென்று என் இடுப்புக்கு வந்தன. அத்தையின் செடிகள் முழங்காலைத் தாண்டவில்லை. பள்ளியில் எந்தக் கழித்தல் கணக்குப் போட்டாலும் அத்தை இல்லாத வீடுதான் விடையாக வந்தது.

ஒரு மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தபோது முக்காலிமேல் மரப்பெட்டியை வைத்து ஏறி, மூட்டையின் தையலைப் பிரித்து, ஒரு தேங்காய்த் தொட்டி நிறைய எடுத்தேன். இறங்கும்போது பெட்டி சரிந்து முட்டி சிராய்த்தது. அத்தையின் செடிகளுக்கு இரண்டிரண்டு சிட்டிகை போட்டு, மீதியைக் கடைசிச் செடிக்குக் கொட்டினேன். அது மூன்றாம் நாள் கருகியது. வேர்ப்புழு என்று அத்தை அங்கலாய்த்தார். நானும் கூட உட்கார்ந்து மண்ணைக் கிளறிப் புழு தேடினேன்.

முட்டியில் என்ன காயம் என்று, நான் பரணில் ஏறிய அன்று சாயங்காலமே அப்பா கேட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் விழுந்தேன் என்றேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் மூட்டை பரணிலிருந்து இறங்கிப் பின்கதவுக்குப் பக்கத்தில் கிடந்தது, தேங்காய்த் தொட்டி அதன்மேலேயே. பரணில் எலித்தொல்லை என்றார் அப்பா. எனக்கு ஏறும் வேலை மிச்சம். அடுத்த ஐந்து வாரமும் அளந்து எடுத்தேன்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள்வரை, சொத்தை நீக்கி, அப்பாவுக்கு நூற்று நாற்பத்தெட்டு. அத்தைக்கு இருபத்து மூன்று செடியில் நூற்று அறுபத்தொன்று. அப்பாவின் காய்களைப் புழு தின்றிருந்தது. அத்தையின் காய்களை வேப்பங்கொட்டைத் தண்ணீர் காத்திருந்தது. அதில் யூரியாவின் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை எனக்குக் கணக்கு வரவில்லை.

"தோத்துட்டேங்கா. தோட்டம் உன்னுது," என்றார் அப்பா. மிச்ச யூரியா வயலுக்குப் போயிற்று. அத்தை கடைசிவரை எங்களோடுதான் இருந்தார்.

அப்பாவை ஏமாற்றிவிட்டதாகப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். மூன்று செபம் சொல்லச் சொன்னார். மூன்றும் சொன்னேன். எலி யூரியா தின்னாது என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.