அப்பாவின் டபுள் கிளிக்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர், விருத்தாசலம் கடைத்தெருவில் மூடிவிட்ட ஒரு டிடிபி சென்டரிலிருந்து வாங்கியது. அக்காவின் கல்லூரிப் படிப்புக்கென்று வந்ததால் அது அக்காவுடையது. அவள் இல்லாத நேரத்தில் என்னுடையது. வாங்கிவந்த அப்பாவுக்கு மட்டும் அது பிடிகொடுக்கவேயில்லை.

அப்பா பீங்கான் பட்டறையில் சூளை பார்ப்பவர். சூளையிலிருந்து சூடு ஆறாத பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளை எடுத்தெடுத்து விரல்நுனிகள் காய்த்துப்போயிருந்தன. மவுஸை ஒருமுறை அழுத்துவார். அழுந்தியதா என்று பார்ப்பார். பிறகு மறுபடி அழுத்துவார். அதற்குள் கம்ப்யூட்டர் வேறு முடிவுக்கு வந்துவிடும். ஃபைலைத் திறக்காமல், புதுப்பெயர் வைக்கச் சொல்லி அதன் பெயரை நீலக் கட்டத்துக்குள் காட்டும். அப்பா பதறிப்போய்க் கைக்குக் கிடைத்த பட்டனைத் தட்டுவார். பெயர் போய்விடும்.

அப்படித்தான் ஒருநாள் அக்காவின் ப்ராஜக்ட் காணாமல் போனது. முதல் பக்கத்தில் அவள் தன் பெயரை இனிஷியலோடு பெரிதாக அடித்திருந்தாள். அதைப் பார்க்கத்தான் அப்பா உட்கார்ந்திருக்கிறார். காலேஜ் பஸ்ஸை விட்டுவிட்டுத் தேடிய அக்கா, வரிசையாக நாலு 'கே' என்ற பெயரில் அதைக் கண்டுபிடித்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

"இனிமே இதத் தொடாதீங்கப்பா!"

"தொடலம்மா," என்றார் அப்பா. சொன்னபடியே தொடவில்லை. பட்டறையிலிருந்து வந்தால் அந்த அறைப் பக்கமே வராமல், சமையலறையில் அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பார்.

அந்த வருடம் மங்கலம்பேட்டை மாமா, அம்மாவின் தம்பி, துபாயிலிருந்து லீவில் வந்தார். அங்கே கம்ப்யூட்டர் கடையில் வேலை. எங்களுக்காக ஒரு ரேம் கொண்டுவந்திருந்தார். சீப்பு மாதிரி ஒரு பச்சை அட்டை. எதைச் செய்தாலும் சொல்லிக்கொண்டே செய்வது அவர் வழக்கம். "இப்ப ஸ்க்ரூவக் கழட்டுறேன். பாத்துக்க, இதான் மெமரி. இது கூடுனா எல்லாம் வேகமாயிடும்."

மாட்டியதும் திரை வரவில்லை. பெட்டி பீப் பீப் என்று கத்தியது. அக்காவின் முகம் மாறிவிட்டது. மாமா சிரித்தபடி என் ரப்பரை வாங்கி, அட்டையின் பொன்னிற விளிம்பைத் தேய்த்தார். "அழுக்கு இருந்தா இப்புடித்தான் கத்தும்." மறுபடி மாட்டியதும் கம்ப்யூட்டர் எழுந்தது. எல்லாம் சட்டுச்சட்டென்று திறந்தது.

"மச்சான், வாங்க. நீங்க ஒண்ணு தொறந்து பாருங்க."

"வேணாம்ப்பா. புள்ள வேல கெட்டுடும்."

மாமா அக்காவைப் பார்த்தார். "அப்பா க்ளிக் பண்ணா பேரு மாறிடுது மாமா," என்றாள் அவள் மெல்ல.

மாமா மவுஸைப் பிடித்துத் திரையில் எங்கெங்கோ போய் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தார். அதில் ஒரு பெட்டியின் படம் இருந்தது. அவர் நிதானமாக இரண்டு தட்டுத் தட்ட, பெட்டியிலிருந்து கோமாளி பொம்மை துள்ளி எழுந்தது. ஏதோ விளையாட்டு என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் மூடிவிட்டார்.

அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அழுத்தினார். பார்த்தார். மறுபடி அழுத்தினார். அக்காவின் பெயர் திரை நிறைய வந்து நின்றது.

"மெமரி போட்டதும் எப்புடி வேல செய்யுது பாரேன்!" என்றார் அப்பா.

அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை அதை மூடுவதும் திறப்பதுமாகவே இருந்தார். மறுநாள் பட்டறையில் அவர் ரேமின் பெருமையைச் சொல்லாத ஆளில்லை.

நானும் அப்படித்தான் நம்பினேன். இரண்டு அழுத்தலுக்கு நடுவே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைக்க ஓர் இடம் உண்டென்பதும், கோமாளி துள்ளிய ஜன்னல் அதுதான் என்பதும் வேலைக்குப் போனபிறகுதான் தெரிந்தது. ஸ்க்ரூ கழற்றுவதைக்கூட விளக்கிச் சொன்ன மாமா, அதைப் பற்றி மட்டும் ஏன் வாயே திறக்கவில்லை என்று யோசிக்க எனக்கு அன்றைக்கு வயது போதவில்லை.