சீனி முகம்மது எடுத்த மண்டைக் கணக்கெடுப்பு

பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், சோற்றின்மேல் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் ஒரு நாசி கண்டார் கடை. அங்கே இருபத்தாறு வருஷமாகக் குழம்பு ஊற்றியவர் சீனி முகம்மது. கரண்டி ஓடும் வேகத்தில் வாயும் ஓடும். சுங்கை பினாங்கில் எந்த மருமகள் எந்த மாமியாரோடு பேசுவதில்லை என்பது சோற்றோடு சேர்ந்தே தட்டில் விழும்.

1986இல் அந்த வாய்க்குக் கேடு வந்தது. வலது கன்னத்தில் கரண்ட் அடித்ததுபோல வலி. பேசினால் வெட்டும், மென்றால் வெட்டும், காற்றாடிக் காற்று பட்டாலும் வெட்டும். பல்தான் காரணம் என்று மூன்று நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டார். பல் போனது, வலி போகவில்லை. மாத்திரை போட்டதில் தலை சுற்றி, பேங்க் அதிகாரி ஒருவரின் மடியில் மீன் குழம்பை ஊற்றினார்.

"இன்னொரு மடி நனைஞ்சா நீ வீட்டோட இருந்துக்க," என்றார் முதலாளி.

கோலாலம்பூர் டாக்டர் ஒரு வழி சொன்னார். காதுக்குப் பின்னால் மண்டையில் துளை போட்டு, நரம்பை அழுத்தும் ரத்தக்குழாயை விலக்கி வைக்க வேண்டும். பெரும்பாலும் குணமாகும், ஆபத்தும் உண்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

சீனி முகம்மது யோசிக்கவில்லை, விசாரித்தார். "கோழியா, ஆடா?" என்று கேட்கும் அதே குரலில், "உங்களுக்கு மண்டையத் தெறந்திருக்காங்களா?" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சாப்பிட வந்த எல்லாரையும் கேட்டார். ஆட்களும் தொப்பியைக் கழற்றித் தழும்பைக் காட்டினார்கள். இரண்டு மாதத்தில் பதினொரு பேர் கிடைத்தார்கள். எல்லாரும் திடமாக இருந்தார்கள். ஒருவர் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

"பதினொண்ணுக்குப் பதினொண்ணு பாஸ் லா!" என்று தம்புவிடம் பீற்றினார். தம்பு, ஆஸ்பத்திரி ரெக்கார்டு ஆபீஸ் கிளார்க். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். வீட்டுக்குத் தெரியாமல் மீன் தலைக்கு வருகிறவர்.

"அண்ணே, செத்தவன் உங்க கடைக்கு வந்து சாப்பிடுவானா?"

கரண்டி நின்றது.

"படுத்துக் கெடக்கறவன் வருவானா? நடந்து வந்து மென்னு திங்கறவன மட்டும் கேட்டா எல்லாம் பாஸ்தான். புங்குஸ் கட்டிக்கிட்டுப் போறாங்களே, அவங்களக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எத்தனையோ வருஷம் பொட்டலம் கட்டியும், அது யாருக்கு என்று கேட்கத் தோன்றியதில்லை.

மறுநாள் நோர்மா வந்தாள். வழக்கம்போல ஒரு பொட்டலம். உறைப்பு வேண்டாம், சோறு குழைய இருக்க வேண்டும்.

"தங்கச்சி, இது யாருக்கும்மா?"

"எங்க வீட்டுக்காரருக்கு, சீனி நானா. மண்டை ஆபரேஷன் பண்ணி நாலு வருஷமாச்சு. ஒரு பக்கம் கை கால் வராது. நாந்தான் ஊட்டிவிடறேன்."

"இத்தன நாள் சொல்லவே இல்லயே?"

"நீங்க குழம்பு குவா எவ்வளவு ஊத்தணும்னுதானே கேப்பீங்க!"

அந்த வாரத்தில் இன்னும் இரண்டு பொட்டலங்கள் பேசின. ஒன்று மண்டை ஆபரேஷனில் கண் தெரியாமல் போனவருக்கு. மற்றொன்று அதே ஆபரேஷனில் போய்ச் சேர்ந்துவிட்ட ஒருவருக்காக ஓதும் பாத்திஹாவுக்கு.

"எனக்கு ஆபரேஷனே வேணாம்," என்றார் சீனி முகம்மது.

தம்பு தலையில் அடித்துக்கொண்டார். "நோர்மா புருஷனுக்கு மூளையில கட்டி. தழும்பு காட்டினவன்ல பாதி மோட்டார்ல விழுந்தவன். உங்களுக்கு ரத்தக்குழாய். எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டுனா எப்படிண்ணே? இதே நோவு, இதே டாக்டர், எத்தன பேரு, என்ன ஆனாங்க? அதக் கேளுங்க."

கேட்டார். இப்படிக் கேட்ட முதல் நோயாளி இவர்தான் போலிருக்கிறது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் நோட்டைத் திறந்தார். முப்பத்தொரு பேர். இருபத்தாறு பேருக்கு வலி போனது. மூன்று பேருக்குத் திரும்பி வந்தது. ஒருவருக்குக் காது போனது. ஒருவர் இறந்தார்.

"எறந்தவருக்கு என்ன வயசு?"

"எழுபத்தி நாலு. இருதயமும் சரியில்ல."

"எனக்கு அம்பத்தொண்ணு. போடுங்க லா."

வலி சுத்தமாகப் போனது. கூடவே வலது காதும் போனது. அடுத்த மாதம் பழைய இடத்தில் நின்று குழம்பு ஊற்றினார்.

அதே வலிக்காரர் ஒருவர் ஜுரு என்ற ஊரிலிருந்து அவரை விசாரிக்க வந்தார். சீனி முகம்மது இடது காதைக் கொடுத்துக் கேட்டார்.

"என்னயக் கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொல்லுவேன். வீட்டுக்குப் போயி எம் பொண்டாட்டி ருக்கையாவக் கேளுங்க. அவதான் சரியா சொல்லுவா."

அந்த மனிதர் நிஜமாகவே போய்க் கேட்டார்.

"வலி இருந்தப்ப கடையோட சரி, இங்க வாயத் தெறக்கல, வீடு அமைதியா இருந்துச்சு," என்றாள் ருக்கையா. "இப்ப அவரு பேசறதெல்லாம் நான் கேக்கணும், நான் பேசறதுல பாதி அவருக்கு விழாது. ஆனா பண்ணிக்கங்க, அண்ணே. ராத்திரியில மனுஷன் தூங்கறாரு."