மூக்குத் தேய்ந்த வெண்கல நாய்

என் அகதி விசாரணைக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. அது நல்லபடி முடிந்தால்தான் மன்னாரில் இருக்கும் மனைவியையும் மகளையும் மொன்றியலுக்குக் கூப்பிடலாம். அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து யாராவது கேள்வி கேட்டால் என் பெயரே எனக்கு மறந்துவிடும்.

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஐந்து பேர் ஒரு வீட்டில் இருந்தோம். மூத்தவரை எல்லோரும் அண்ணை என்போம். என்னைப்போல மொஸ்கோ வழியாக வந்து, விசாரணையில் வென்றவர் அவர். குசினியில் கறி வைத்துக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தார்.

"எந்தப் பாதையால வந்தனி எண்டு கேப்பினம். மொஸ்கோவில மெட்ரோ ஸ்டேஷனைச் சொல்லு. மேல சரவிளக்கு, கூரையெல்லாம் தங்கச் சித்திரம், மாபிள் தூண். அரண்மனை மாதிரி எண்டு சொல்லு."

"நான் சரவிளக்குப் பாக்கேல்ல அண்ணை."

"பேந்து என்னத்தைப் பாத்தனி?"

"நாய்."

உண்மையும் அதுதான். காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக நாடு கடத்திவிடும் ஏஜென்சிக்காரன், ஒன்றாக வந்த எங்கள் ஆறு பேரையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனான். அண்ணாந்து பார்க்கிறவனைத்தான் பொலிஸ் பிடிக்கும், முன்னால் போகிறவனின் சப்பாத்தைப் பார்த்து நட என்பது அவன் சட்டம். படிக்கட்டு தானாகவே எங்களைக் கீழே கீழே கொண்டுபோய் இறக்கியது. அங்கே கருஞ்சிவப்புக் கல்லில் வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு பக்கமும் வெண்கல மனிதர்கள், வளைவின் பாரம் தங்கள் முதுகில்தான் என்பதுபோலக் குந்தியிருந்தார்கள். தலை குனிந்து போன எனக்கு அவர்களுடைய முழங்காலும் பூட்சும்தான் தெரிந்தன. ஒருவனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். உடம்பெல்லாம் கறுப்பு, மூக்கு மட்டும் தேய்ந்து தங்கமாக மின்னியது. போகிறவர்கள் நடையைக் குறைக்காமலே அதைத் தடவிவிட்டுப் போனார்கள். ஒரு பெண் கையுறையைக் கழற்றித் தடவினாள்.

எல்லோரும் தொடும்போது நான் தொடாவிட்டால் வேற்றாள் என்று தெரிந்துவிடாதா? தொட்டேன். பிறகுதான் வினை. எங்கள் கோயிலில் அந்தோனியாரின் சொரூபத்தைத் தொட்டால் செய்வதுபோல, என் கை தானாக உதட்டுக்குப் போய்விட்டது. ஒரு கிழவி சத்தமாகச் சிரித்தாள். ஏஜென்சிக்காரன் என் முழங்கையை நெரித்தான்.

இதைச் சொன்னதும் குசினியே சிரிப்பில் அதிர்ந்தது.

"மெழுகுதிரி கொளுத்தேல்லையோடா?" என்றான் ஒருவன்.

அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. "இதை அங்க போய்க் கதையாத. பகிடி விடுறான் எண்டு கேஸைத் தூக்கி எறிவினம். சரவிளக்கு. விளங்குதோ?"

"ஓம்."

விசாரணை நாள் வந்தது. விசாரித்தவர் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. மொழிபெயர்க்க வந்தவர் சென்னைக்காரி. நான் ஊரை விட்டு ஓடிவரும்படி மன்னாரில் நடந்ததைப் பாடமாக்கியபடி ஒப்பித்தேன். பிறகு மொஸ்கோ. சரவிளக்கைச் சொன்னேன்.

"எத்தனை இருந்துச்சுன்னு கேக்கறாங்க."

அண்ணை அதைச் சொல்லித்தரவில்லை. கழுத்தால் வியர்வை வழிந்தது. அந்தப் பெண்மணி காத்திருந்தார், பிறகு ஏதோ எழுதினார். அவர் எழுதிய ஒவ்வொரு எழுத்தும் என் மகளை ஒரு மைல் தள்ளி வைப்பதுபோல எனக்குப் பட்டது.

"நான் சரவிளக்குப் பாக்கேல்ல அம்மா. சொல்லித்தந்ததைச் சொன்னனான். நான் பாத்தது ஒரு நாயை."

மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பினார். "நாயா? நிஜமாவே நாய்னு சொல்லவா?"

"ஓம், சொல்லுங்கோ. வெண்கல நாய்."

முழங்கால், பூட்ஸ், கையுறை, மூக்கு, முத்தம் எல்லாவற்றையும் சொன்னேன். விரலை உதட்டில் வைத்தும் காட்டினேன். மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. விசாரித்தவர் சிரிக்கவில்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்றார்.

"பயத்தில, அம்மா."

"எதுக்கு அவ்வளவு பயம்னு கேக்கறாங்க."

அப்போதுதான் மன்னாரில் நடந்ததைப் பாடமாக்காத சொற்களில் முதல்தடவையாகச் சொன்னேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

வெளியே இருக்கச் சொன்னார்கள். இருபது நிமிடம் காத்திருந்தேன். திரும்ப உள்ளே போனபோது அவர் சொன்னார்: சரவிளக்கை நம்பவில்லை, மற்றதை நம்புகிறேன், உங்கள் கோரிக்கையை ஏற்கிறேன். அந்த ஸ்டேஷனில் சரவிளக்கே கிடையாது என்பது பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணை பார்த்தது வேறு ஸ்டேஷன்.

தெப்பனர் என்று இங்கே சொல்லும் தெருமுனைக் கடையில் தொலைபேசி அட்டை வாங்கி, மன்னாருக்கு மனைவியை அழைத்தேன்.

"என்னப்பா, என்ன சொல்லினம்?"

"ஓம் எண்டிட்டினம்."

 எனக்கு அதற்குள் அடுத்த கவலை.

"பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை என்ன அளவு எடுக்கிறது?"

"இப்பவே எடுக்கிறியளோ? நாங்கள் வர எத்தினை வருசம் செல்லுமோ, அதுக்குள்ள வளந்திடுவாளப்பா. பெரிசா எடுங்கோ."

"எவ்வளவு பெரிசா?" என்றேன்.