அக்கா சிரித்த இசைத்தட்டு

என் அக்காவைச் சினிமா கெடுத்துவிட்டது என்று எங்கள் ஆரியசாலைக் கடைத்தெரு முழுக்கச் சொன்னார்கள். பொய். அவளை யாரும் கெடுக்கவில்லை. பாடத் தெரிந்தவள் பாடினாள். நடிக்கக் கூப்பிட்டார்கள், போனாள். அவ்வளவுதான்.

முதலில் ரேடியோவில்தான் பாடினாள். நாடு சுதந்திரம் அடைந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். அப்பாவுக்கு வற்றல் மிளகாய் மண்டி. அக்கா பாடும் நாளில் தராசை நிறுத்திவிட்டு, பக்கத்துக் கடைக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்துக் கேட்பார். மிளகாய் நெடியில் ஆளாளுக்குத் தும்முவார்கள். "மெதுவாத் தும்மும்வே, பிள்ளை பாடுகால்லா!" என்று அப்பா அதட்டுவார். அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மூக்கு அரிக்கிறது.

பிறகு அவள் பாடிய இசைத்தட்டு வந்தது. மலையாளப் பாட்டு. நடுவில் ஓரிடத்தில் பாட்டை விட்டுவிட்டுச் சிரிப்பாள். எங்கள் வீட்டு அடுக்களையில் சிரிக்கும் அதே சிரிப்பு. அதற்காகவே டீக்கடைகளில் திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

"பாட்டு சரி. சிரிப்பு எதுக்குட்டி?" என்றார் அப்பா.

"அந்த இடத்துலே சிரிக்கணுமாக்கும் அப்பா."

"வாயை மூடிட்டுச் சிரியேன்."

"வாயை மூடிட்டா அப்புறம் எப்படிப் பாட?"

நானும் அவளும் அன்றைக்குச் சிரித்ததில் சோறு அடிபிடித்துவிட்டது.

அடுத்தது சினிமா. அதில் முண்டும் ரவிக்கையுமாக, ரவிக்கைக்கு மேலே துணி போடாமல், குளக்கடவில் நின்றாள். பழவங்காடிச் சுவர் முழுக்க அந்தப் படம். நாங்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்த தமிழ்க் குடும்பம், எங்கள் பெண்கள் அப்படி நிற்கக் கூடாதாம். ஊரில் பாதிப் பெண்கள் அப்படித்தான் உடுத்தினார்கள். அவர்கள் நடந்துபோனபோது எங்கள் ஆண்கள் யாரும் கண்ணைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

மண்டியில் உட்கார்ந்து தும்மிய ஒருவர், அந்தப் பட நோட்டீசிலேயே பெருங்காயத்தை மடித்து எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். வேண்டுமென்றே. பொட்டலத்தில் அக்காவின் முகம் இருந்தது. அப்பா அதைப் பிரிக்கவில்லை. "இனி அவ என் வீட்டுப் படி சவுட்டப்படாது" என்றார். அக்காவின் டிரங்குப் பெட்டி அன்றே போயிற்று. அவள் ஸ்டூடியோ பக்கம் வாடகைக்கு வீடு பிடித்தாள்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நாகர்கோவில். அக்கா வரக் கூடாது என்று அவர்கள் சொன்னார்கள். அப்பா சரி என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. அவள் இல்லாமல் எனக்கு என்ன கல்யாணம்?

தாலி கட்டி முடிந்து, மத்தியானம் தெருப்பந்தலில் நலுங்கு. பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து தேங்காய் உருட்டி விளையாட வேண்டும். எங்கள் குடும்பத்தில் பெண்ணுக்கு மூத்தவள்தான் முதல் பாட்டை எடுப்பாள். மாப்பிள்ளையைக் கேலி செய்கிற பாட்டு. அவள் எடுத்த பிறகுதான் தேங்காய் உருளும். மூத்தவள் இல்லை, அத்தைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சும்மா இருப்பானேன் என்று மைக் செட்காரர் ஓர் இசைத்தட்டைப் போட்டார்.

அக்கா பாடினாள். ஆளை வரக் கூடாது என்றவர்கள் தட்டைச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

என் மாமனார் தொடையில் தாளம் போட்டார். சிரிப்பு வந்த இடத்தில் அவரும் சிரித்தார். "பேஷ்! வேய், மைக்கு, அதை இன்னொருக்க வையும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாமா, அது எங்க அக்கா" என்றேன். "பாட்டு வேணும், ஆளு வேண்டாமா?"

"கல்யாணப் பொண்ணு பேசுக பேச்சா இது?" என்றாள் ஒரு கிழவி.

"அக்கா வந்து பாடட்டும். அப்பதான் உருட்டுவேன்." தேங்காயை மடியில் வைத்துக்கொண்டேன். தாலி ஏறியாயிற்று, இனி என்ன செய்துவிடுவார்கள்?

மாமனார் என்னைப் பார்க்கவில்லை. என் அப்பாவிடம், "கூட்டிட்டு வாரும்வே. பிள்ளை எவ்வளவு நேரம் தேங்காயைச் சுமக்கும்?" என்றார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்து வாடகைக் காரில் அக்காவோடு வந்தார். படப்பிடிப்பிலிருந்து அப்படியே வந்திருந்தாள். கழுத்தில் பூச்சு பாதி அழிந்திருந்தது. என் கன்னத்தைக் கிள்ளி, "கழுதை, உனக்கு இன்னும் பிடிவாதம் போகல்லியா?" என்றாள். பந்தக்கால் ஓரமாக நின்று பாடினாள். மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றிய வரியில் சிரித்தாள், தட்டில் இருக்கிற அதே சிரிப்பு. நான் தேங்காயை உருட்டினேன்.

பந்தி வீட்டுக்குள். "சாப்பிட்டுட்டுப் போ" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"படி ஏறணுமே அப்பா."

ஏறு என்று ஒரு வார்த்தை. அவர் சொல்லவில்லை. துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார். அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தாள், பிறகு காரில் ஏறிவிட்டாள்.

அப்பாவை நான் இதற்கு மன்னிக்கவில்லை. அந்தத் தட்டு என்னிடம் இருக்கிறது. கீறல் விழுந்து, சிரிக்கிற இடத்தில் மாட்டிக்கொள்கிறது. நான் முள்ளை நகர்த்துவதில்லை.