தொண்டை அசையாமல்

முதல் தடவை படம் கலங்கிவிட்டது. பழுது இயந்திரத்தில் இல்லை, என் வாயில்.

வலது கையில் பிடி விட்டுப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. முதலில் தோசைக் கரண்டி நழுவியது, பிறகு தம்ளர். கடைசியில் ஒரு காலை சேலைக் கொசுவத்தைச் செருகக்கூட விரல்கள் சேரவில்லை. கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை எவ்வளவு அழுத்துகிறது என்று ஸ்கேனில் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். அழுத்தம் அதிகமென்றால் காத்திருக்கக் கூடாதாம், போன பலம் திரும்பாமலே போகலாமாம். மறுநாள் அவர் வெளியூர் போகிறார், வரப் பத்து நாளாகும். அன்றைக்கே படம் வேண்டும்.

படம் எடுக்கும் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. கண்ணாடிக்கு அப்பாலிருந்து எழுந்து வந்தார்.

"ஏம்மா, உள்ள யார்கிட்ட பேசிக்கினு இருந்தீங்க?"

"பேசலீங்க. மந்திரம் சொன்னேன். சத்தமே வரலியே."

"சத்தம் வந்தா வரட்டும். தொண்டை அசையுதும்மா. எச்சி முழுங்கினாலே படம் போயிடும். நாங்களும் செபமாலை சொல்றவங்கதான், வேணாம்னு சொல்லல. ஆனா அசையக் கூடாது. இருக்கற ஆளுங்கள முடிச்சிட்டு இன்னொரு தடவ ஏத்தறேன். அதுலயும் வரலன்னா இன்னிக்கு என்னால ஆகாது."

வெளியே பெஞ்சில் என் வீட்டுக்காரர், முதல் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். பூட்ஸில் சுரங்க மண் காயவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"இருபத்தஞ்சு வருசமா நான் சொல்லிக்கினு இருக்கேன், உனக்கு வாய் நிக்காதுன்னு. மிசின் அரை மணி நேரத்துல கண்டுபுடிச்சிடுச்சு" என்றார். சிரித்தார்தான், ஆனால் முழங்காலில் விரல் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

எனக்கு யாரும் உட்கார வைத்து உபதேசம் செய்ததில்லை. கோயில் வாசலில் வாங்கிய சின்னப் புத்தகத்திலிருந்தும், எல்லா மாவட்டத்திலிருந்தும் சுரங்கக் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்த பெண்களின் பேச்சிலிருந்தும் பொறுக்கிக்கொண்டதுதான். ஓம் தும் துர்காயை நமஹ. துர்க்கம் என்றால் எளிதில் நுழைய முடியாத இடம், கோட்டை. அதற்குள் இருக்கிறவள் அவள், அதைக் கடக்க வைக்கிறவளும் அவள்தான் என்பார்கள். 'தும்' விதை எழுத்து. அர்த்தம் கேட்காதே, போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்று என்று ஒருத்தி சொன்னது எனக்குப் பிடித்துப்போயிற்று. சொல்லும் விதம் மூன்று: வாய்விட்டு, உதடு மட்டும் அசைய, மனத்துக்குள்ளேயே. மூன்றாவதுதான் உசத்தி. நான் முதலாவதிலேயே பதினைந்து வருடமாகக் குடியிருக்கிறவள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக் கூடத்தில் என்னையும் சேர்த்துப் பதினொரு பெண்கள் உட்கார்ந்து நூற்றெட்டு சொல்வோம். முன்னால் போகும் குரல் என்னுடையது. "அக்கா, நீங்க போடற சத்தத்துல நாங்க வந்திருக்கறதே அம்மனுக்குத் தெரியாது" என்றாள் மதுரைக்காரி ஒருநாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அது உள்ளே எங்கோ குத்திக்கொண்டு நின்றது.

பெஞ்சிலேயே பழகிப் பார்த்தேன். வாயை இறுக்கி மூடி மனத்துக்குள் சொன்னேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அசையுது."

மறுபடியும் சொன்னேன்.

"இப்பவும் அசையுது. எதுவும் சொல்லாம சும்மா படுத்துக்கயேன்."

"சும்மா படுத்தா மூச்சு முட்டுதுங்க. அதுக்குத்தான சொல்றதே."

உள்ளே கூப்பிட்டார்கள்.

முகத்துக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டினார் அந்த அம்மா. இடது கையில் ரப்பர் குமிழைக் கொடுத்தார். "முடியலன்னா அமுக்குங்க, நிறுத்திடறேன். நிறுத்திட்டா அவ்ளோதான்." பலகை நகர்ந்தது. மூக்குக்கு ஒரு சாண் மேலே வெள்ளைக் கூரை. கட்டைமேல் சுத்தியல் அடிப்பதுபோலச் சத்தம் தொடங்கியது. நெஞ்சு ஏறி இறங்கியது. ஓம் என்று நினைத்தேன், நாக்கு தானாக எழுந்தது. அப்படியே நிறுத்தினேன். நிறுத்தியதும் கூரை இன்னும் கீழே வந்துவிட்ட மாதிரி இருந்தது. கட்டைவிரல் குமிழுக்குப் போய்விட்டது.

நான் சொன்னால்தானே அசையும், வேறு யாராவது சொல்லட்டுமே என்று எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. மதுரைக்காரியைக் கூப்பிட்டேன். அவள் 'துர்காயை'யை ராட்டினத்தில் நூல் மாதிரி இழுப்பாள். இழுத்தாள், கேட்டேன். நாக்கு கிடந்த இடத்திலேயே கிடந்தது. அடுத்து எதிர் வரிசைத் தெலுங்கம்மா, ஒவ்வொரு எழுத்தையும் அரிசி பொறுக்குவதுபோலச் சொல்பவள். அடுத்தவளுக்குப் பாதியில் இருமல் வரும், இருமிவிட்டு விட்ட இடத்திலிருந்து பிடிப்பாள். இப்படி ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சத்தம் மாறியது, கூடியது, நின்று மறுபடி தொடங்கியது. ஒன்பது பேர் முடிந்தார்கள்.

என்னை விட்டால் பாக்கி ஒருத்தி. கதவோரம் உட்காருகிறவள், மூன்று வருடமாக வருகிறாள். முகம் தெரிகிறது, மஞ்சள் தேய்த்த கால் தெரிகிறது, குரல் மட்டும் வரவில்லை. மெல்லிசா, கட்டையா? ஒரு தடவையாவது கேட்டிருப்பேனே. குமிழை மறந்தேன், கூரையை மறந்தேன். கதவோரத்தையே உற்றுக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

பலகை வெளியே வந்தது.

"எங்க கத்துக்கிட்டீங்க இதுக்குள்ள?" என்றார் அந்த அம்மா. "கல்லு மாதிரி கெடந்தீங்க. படம் நல்லா வந்திருக்கு."

டாக்டர் கிளம்புவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தோம். வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். நரம்பு நன்றாகவே அழுந்தியிருக்கிறது, பத்து நாள் தள்ள முடியாது, தன் கூட்டாளி டாக்டரிடம் சொல்லி மறுநாளே ஆபரேஷனுக்குச் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். கை திரும்புவதற்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறதாம். "தொண்டைப் பக்கமா முன்னாடிதான் திறப்பாங்க. கொஞ்ச நாள் குரல் கம்மி இருக்கலாம். சில பேருக்குத்தான் அந்தக் கம்மல் அப்படியே நின்னுடும்."

வீட்டுக்காரர் என் தொண்டையைப் பார்த்தார்.

"கை வருமா டாக்டர்?" என்றேன்.

"வர்றதுக்குத்தான் செய்யறோம்."

மறுநாள் காலை ஆபரேஷனுக்குச் சம்மதப் படிவத்தை நீட்டினார்கள். பேனா விரல்களுக்கு இடையில் நிற்கவில்லை. வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ள வந்தார், வேண்டாம் என்று தலையசைத்தேன். உளியைப் பிடிப்பதுபோல முழுக் கையாலும் பற்றி, என் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினேன்.