மேற்குக் கதவும் வெந்நீர் அண்டாவும்

வானொலியில் 'வங்கக் கடல்' என்ற சொல் வந்ததும் பொன்னுராஜ் ஆள்காட்டி விரலைத் தூக்கிவிடுவார். வாயிலிருக்கும் இட்லி அப்படியே நிற்கும்.

"கேட்டியா? தாழ்வு மண்டலமாம்" என்பார், சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்ட பரபரப்போடு. தேனிக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் என்று மனைவி ஜெபராணி கேட்பதில்லை.

பஜாரில் அவருக்கு இரும்புக் கடை. ஆணி, கீல், தகரம் விற்பார். ஆனால் அவருக்கு ஊரில் பெயர் வாங்கித் தந்தது மெட்ராஸ் புயல்தான். கல்யாணமான புதிதில் ராயபுரத்தில் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தபோது அடித்த புயல் அது. வீட்டைவிட்டு நகராமல் அதைச் சமாளித்த கதையை, கடைக்கு வருகிறவர்களுக்கு ஆணியோடு சேர்த்து நிறுத்துக் கொடுப்பார். வருடா வருடம் அதில் ஒரு தென்னை மரம் கூடுதலாக விழும். அண்மையில் ஒரு கப்பலும் தெருமுனைவரை வந்துவிட்டது.

"கதவுக்கு நெஞ்சை முட்டுக் குடுத்து நின்னேன்ல! காத்து என்ன, மனுசனுக்கு மிஞ்சுனதா?"

ஜெபராணியும் அன்று அந்த வீட்டில்தான் இருந்தாள். அண்ணியின் சீர் அண்டாவைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் மூலையில் உட்கார்ந்திருந்ததையும், வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்கள் யாருடையவை என்பதையும் அவள் ஒருத்திதான் பார்த்தாள். இன்றுவரை மூச்சு விடவில்லை. அந்தக் கதை போய்விட்டால் அவர் வெறும் ஆணிக்காரராகிவிடுவார்.

விரல் இறங்கியதும் வேலை தொடங்கும். மாட்டுக்கு வாங்கிப் போட்ட பருத்திக்கொட்டை மூட்டைகளை இழுத்துவந்து அடுப்படியிலுள்ள மேற்குக் கதவுக்கு முட்டுக் கொடுப்பார். இந்தப் பள்ளத்தாக்கில் காற்று என்றால் மேற்கு மலையிலிருந்து இறங்குகிற ஆடிக்காற்றுதான். ஆகவே புயலும் அந்த வழியாக வருவதுதான் மரியாதை. கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அவர் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

சென்ற கார்த்திகையில் ஒரு புயல் நிஜமாகவே மலையடிவாரம்வரை வந்துவிட்டது. பின்தெருக் கூரைவீட்டு மாயக்காள் பிள்ளைகளையும் ஆட்டையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி இருக்காக, நமக்கென்ன பயம்?" என்று ஆட்டுக்கும் சேர்த்துத் தைரியம் சொன்னாள்.

பொன்னுராஜ் மேற்குக் கதவில் முதுகைச் சாய்த்து, "வரட்டும், பாத்துக்கிறேன்" என்றார். புயல் கிழக்கு வாசலைத் திறந்துகொண்டு, அழைத்த விருந்தாளியைப்போல நேரே உள்ளே வந்தது. காலண்டர் பறந்தது. ஓடுகள் சரிந்தன. பிள்ளைகள் வீறிட்டன. பெண்கள் இருவரும் கட்டிலை இழுத்து வாசலை அடைத்து, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"யக்கா, அண்ணாச்சியை எங்க காணோம்?"

ஜெபராணி திரும்பிப் பார்த்தாள். அடுப்படி மூலையில் வெந்நீர் அண்டா கவிழ்ந்திருந்தது. அடியில் அதே கால்கள். எழுந்துபோய் அடுப்படிக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தாள்.

"காத்து மேற்கால திரும்பிருமாம். அங்கன காவல் நிக்கிறாக."

"அதான பாத்தேன். வெவரமான மனுசரு" என்றாள் மாயக்காள்.

காற்று ஓய்ந்து அவர் வெளியே வந்தபோது அண்டாவைப் பிடித்த கையிலும், அந்தக் கை பொத்திய இரண்டு காதிலும், துடைத்த நெற்றியிலும் கரி.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சியெல்லாம் இம்புட்டுக் கரி?"

"காத்தோட மல்லுக்கட்டுனா பின்ன சந்தனமா ஒட்டும்?"

மாயக்காள் அதை நம்பினாளா என்பது தெரியவில்லை. ஆட்டைப் பார்த்துச் சிரித்தாள். மறுநாளிலிருந்து கடையில் இரண்டு புயல்கள் விற்பனைக்கு இருந்தன.

இன்று காலை மறுபடியும் விரல் தூக்கியாயிற்று. மூட்டைகள் மேற்குக் கதவை நோக்கி நகர்கின்றன. மாயக்காளும் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறாள்.

ஜெபராணி புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வெந்நீர் அண்டாவின் கரி கையில் ஒட்டாமல் போகும்வரை தேய்த்தாள். ஈரம் போகத் துடைத்து, அடுப்படி மூலையில் பழைய தலையணை ஒன்றைப் போட்டு, அதன்மேல் அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள்.