ருசி பாராத பயறு

கைகள் முழங்கை வரை தண்ணீருக்குள் இருந்தன. அவித்துச் சல்லடையில் தேய்த்தெடுத்த சிவப்புப் பயற்றின் மா, சட்டியின் அடியில் வண்டல்போலப் படிந்திருந்தது. கைகள் சட்டியை மெல்லச் சரித்து மேலே நின்ற கலங்கல் நீரை ஊற்றின. மறுபடி குளிர்நீர் விட்டு, ஒருமுறை கலக்கி, படிய விட்டன. நவம்பர் மாதத்துக் குழாய்த் தண்ணீரில் விரல்கள் விறைத்துச் சிவந்திருந்தன. நகக்கண்ணில் ஒட்டிய மாவை அந்தக் கைகள் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. குழாயில் பிடித்துக் கழுவின.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்ற ஜப்பானியர் மொரித்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடை அவருடையது.

கைகள் கலாவதியுடையவை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்தபோது கோயில் நேர்த்திக்கடன்களுக்கு மோதகம் அவித்துக் கொடுப்பது அவளுடைய தொழில். பயறு வறுபட்டதை மணத்தாலும், பாகு பதத்துக்கு வந்ததை விரலாலும் அறிவாள். படையலுக்குப் போகிற பண்டத்தை ஆக்குகிறவள் வாயில் வைப்பதில்லை. எண்பத்து மூன்றின் கலவரத்துக்குப் பிறகு பாரிசுக்கு வந்தவள், அன்றிலிருந்து கட்டடங்களின் படிக்கட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டடங்களில் ஒன்றின் கீழ்த்தளத்தில்தான் மொரித்தாவின் இனிப்புக்கடை இருந்தது. கார் து நோர் ரயில் நிலையத்துக்கு இந்தப் பக்கம், வாடகை குறைவு என்பதற்காகவே லா ஷப்பேலில் வந்து ஒதுங்கிய கடை.

கல்லாவில் இருந்த ஜெனவியேவ் புதுச்சேரிக்காரி. படிக்கட்டில் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு துடைத்த பெண்ணின் தமிழைக் கேட்டு, அக்டோபரில் ஒரு நாள் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். பச்சைத் தேநீரும், சிறு மரக்குச்சியோடு ஒரு இனிப்பும் கொடுத்தாள். சிவந்து பழுத்த ஓர் இலையின் வடிவம், நரம்புகூடக் கீறியிருந்தது. கடிக்க மனம் வராமல் கலாவதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குச்சியால் வெட்டியபோது உள்ளே கருஞ்சிவப்பாகப் பயறு. நெய் இல்லை, ஏலம் இல்லை, தேங்காய் இல்லை. நாக்கில் வைத்ததும் மணலாக இல்லாமல், பசையாகவும் இல்லாமல் கரைந்து போனது. இனிப்பு அடங்கிய பிறகுதான் பயற்றின் வாசனை எழுந்தது. அடுத்து வந்த கறுப்புக் கட்டி கண்ணாடிபோல வழுவழுத்தது; பல்லுக்கு வேலையே வைக்கவில்லை. கசப்புத் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, பயற்றின் தோலை அவிக்க முன்னம் எடுப்பார்களா, அவித்த பின்னா என்று கேட்டாள்.

ஜெனவியேவுக்குத் தெரியவில்லை. கேள்வியைக் கொண்டுபோய் முதலாளியிடம் பிரெஞ்சில் சொன்னாள். கேட்டது யார் என்று பார்க்க மொரித்தா வெளியே வந்தார். அவருடைய பயற்று வேலைக்காரர் ஊர் திரும்பப் போகிற நேரம் அது. புதிய அறுவடைப் பயறு வந்ததும் சொல்லியனுப்புகிறேன், ஒரு நாள் செய்து காட்டு என்றார்.

சொல்லியனுப்பிய வியாழக்கிழமை கந்தசஷ்டியின் நான்காம் நாள். அவள் தலையாட்டிய பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

பகலில் எலுமிச்சை பிழிந்த தேசிக்காய்த் தண்ணீர், இரவில் பாலும் பழமும். தம்பி இராஜேந்திரனை ஆடியில் இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போனது. எந்த முகாம் என்றுகூடத் தெரியவில்லை. அவனுக்காகத்தான் இந்த வருடம் ஆறு நாளும் விரதம் பிடித்தாள்.

ரூ காய் என்ற தெருவில் உணவகத்தில் வேலை செய்யும் கணவன் சிவமணி, விரதத்தோடு இனிப்புச் செய்யப் போவதை ஒரு பிரச்சினையாகவே எடுக்கவில்லை.

"நாக்கில வைச்சுப் பாத்திட்டுத் துப்பிவிடும். விழுங்கினால்தானே விரதம் முறியும்? முருகன் மெத்ரோ பிடிச்சு வந்தே பாக்கப் போறார்?"

"பகிடி விடாதேங்கோ" என்றாள் அவள். "அவன் உயிரோட இருக்கிறானோ எண்டே தெரியேல்லை."

ஆனாலும் அவளுக்குப் படிக்கட்டுத் துடைப்பத்துக்குத் திரும்பிப் போக மனமில்லை. மண்ணெண்ணெய்போல மணக்கும் அந்தத் தண்ணீர் வாளியை இனித் தூக்கக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் காலையில் கடைக்குள் நுழைந்தாள்.

சட்டியில் படிந்த மாவைத் துணியில் கட்டிப் பிழிந்தாள். செம்புச் சட்டியை அடுப்பில் வைத்தாள். சீனி அளந்து வைக்கப்படவில்லை. பீங்கான் சாடி நிறையச் சீனியும், ஒரு கிண்ணத்தில் உப்பும், ஒரு சிறு கரண்டியும் இருந்தன. பழைய பயற்றுக்குக் கணக்கு உண்டு, புதுப் பயற்றுக்கு வாய்தான் கணக்கு என்று மொரித்தா காலையிலேயே சொல்லியிருந்தார். கரண்டி அதற்குத்தான்.

முதல் சீனியைப் போட்டுத் துடுப்பால் கிண்டினாள். களி இளகியது, குமிழிகள் வெடித்து மணிக்கட்டில் தெறித்தன. மணம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பயற்றை அவள் இதற்கு முன் கிண்டியதில்லை. எந்த இனிப்பில் இது நிற்க வேண்டும் என்று மூக்கு சொல்லவில்லை. மொரித்தா உட்பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, தேநீர்த் தட்டை வைக்க வந்த ஜெனவியேவை மெல்லக் கூப்பிட்டு, கரண்டியில் கொஞ்சம் எடுத்து நீட்டினாள்.

"அக்கா, இதை ஒருக்காச் சொல்லுங்கோ."

"என்னம்மா, உனக்கு வாய் இல்லையா?"

விரதத்தைச் சொன்னாள்.

"நாங்க நாப்பது நாள் தவக்காலம் இருக்கிறோம். நடுவுல ஒரு கேக் தின்னா சாமி கோவிச்சுக்கிறதில்ல. உங்க சாமிக்கு அவ்ளோ கோவமா?" என்று சொல்லிக்கொண்டே ஜெனவியேவ் வாயில் வைத்தாள். கலாவதி அவள் முகத்தையே பார்த்தாள். புருவம் அசையவில்லை. நாக்கு இன்னும் கொஞ்சம் தேடியது. அவள் சொல்லுமுன் கலாவதி இன்னொரு அகப்பைச் சீனியைப் போட்டாள். இரண்டாவது முறை கொடுத்தபோது ஜெனவியேவ் கண்ணை மூடி, தலையை ஒருபக்கம் சாய்த்தாள்.

"நல்லாருக்கு. இதோட நிறுத்திக்க."

மொரித்தா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. என்ன நடக்கிறது என்று ஜெனவியேவிடம் மெதுவான குரலில் கேட்டார். ஜெனவியேவின் முகம் வெளுத்தது. அவள் நீளமாகப் பதில் சொன்னாள். அவர் இன்னும் மெதுவாக ஏதோ சொன்னார்.

"காலையிலேருந்து நீ வாயில வைக்காததைப் பார்த்துட்டுதான் இருக்கேன்னு சொல்றாரு. நான் வேலைக்கு எடுக்கப்போறது பயறு கிண்டுறவங்களையா, இல்ல கல்லாவில உக்காந்திருக்கிறவ வாயையான்னு கேக்கிறாரு." ஜெனவியேவ் தயங்கினாள். "ஏப்ரனைக் கழட்டச் சொல்றாரு, கலா."

கலாவதியின் கை நிற்கவில்லை. களி இப்போதுதான் இறுகத் தொடங்கியிருந்தது. துடுப்பு போன தடத்தில் சட்டியின் அடி ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

"இப்ப விட்டால் அடிப்பிடிச்சிடும் எண்டு சொல்லுங்கோ, அக்கா. இறக்கி வைச்சிட்டுப் போறன்."

ஜெனவியேவ் அதைச் சொன்னாள். மொரித்தா அவளைக் கல்லாவுக்குப் போகும்படி கைகாட்டினார். அவள் வாசலோடு நின்றுகொண்டாள்.

அவர் அடுப்பின் மறுபக்கம் வந்து நின்றார். கலாவதி நிமிராமல் கிண்டினாள். தோள் எரிந்தது. அதிகாலைத் தேசிக்காய்த் தண்ணீருக்குப் பிறகு வயிற்றில் ஒன்றுமில்லை. ஆவியில் தலை லேசாகச் சுற்றியது. ஓரங்களை வழித்து நடுவுக்குக் கொண்டுவந்தாள். துடுப்பைத் தூக்கினாள். களி வழியாமல் கட்டியாக விழுந்து, விழுந்த இடத்தில் குவிந்து நின்றது. தீயைக் குறைத்தாள்.

உப்பு இன்னும் போட வேண்டியிருந்தது. இரண்டு விரலால் கிள்ளியெடுத்தாள். அந்தக் கிள்ளு அவள் விரல்களுக்குப் பழகியதுதான், மோதகப் பயற்றுக்கு எத்தனையோ முறை போட்டதுதான். சட்டிக்கு மேலே கை நின்றது. மொரித்தா அந்தக் கையைப் பார்த்தார்.

அவள் உப்பைக் கிண்ணத்திலேயே திரும்பப் போட்டாள்.

"அக்கா, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ. இனிப்பு, நீங்கள் பாத்துச் சொன்னது. பதம் என்ரை. உப்பு நான் போடேல்லை. ஆக்கள் காசு குடுத்துச் சாப்பிடுற சாமான். வாயில வைக்காமல் நான் போட்டு, சரியெண்டு சொல்லேலாது. ஞாயிறு காலமைதான் என்ரை விரதம் முடியும். அதுவரைக்கும் இந்தச் சட்டிக்கு இன்னொரு ஆளின்ரை வாய் வேணும்."

ஜெனவியேவ் ஒரு சொல்லும் விடாமல் பிரெஞ்சில் சொன்னாள். மொரித்தா விரதம் யாருக்காக என்று கேட்டார். தம்பிக்காக என்றாள்.

சிறு கரண்டியை எடுத்து, களியின் ஓரத்தில் தொட்டு வாயில் வைத்தார். கண் கீழே பார்த்தபடி இருந்தது. உப்புக் கிண்ணத்தில் விரல் விட்டு, அவள் கிள்ளியதில் பாதிகூட இருக்காது, தூவினார். கிண்டச் சொல்லிக் கை காட்டினார். அவள் கிண்டினாள். மீண்டும் தொட்டு வைத்தார். பிறகு ஜெனவியேவிடம் சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டுக் கை கழுவினார்.

"ஞாயிறு வரைக்கும் உப்பும் சீனியும் அவரு பார்த்துக்கிறாராம்" என்றாள் ஜெனவியேவ். "கழுவுறது, பிழியுறது, கிண்டுறது எல்லாம் உன் பாடு. திங்கக்கிழமை வரும்போது வாயோட வரணுமாம்."

கலாவதி ஓம் என்று தலையாட்டினாள். சூடு ஆற முன்னம் செய்ய வேண்டியது இருந்தது. துடுப்பால் களியைச் சிறு சிறு குவியல்களாக எடுத்துத் தட்டில் இடைவெளி விட்டு வைத்தாள். சட்டியின் ஓரத்தை வழித்து, கடைசிக் குவியலையும் மற்றவற்றின் அளவுக்குச் சேர்த்தாள். ஈரத் துணியைப் பிழிந்து மேலே மூடினாள்.

தட்டை இரண்டு கையாலும் தூக்கி அடுப்பைச் சுற்றி வந்தாள். மொரித்தா கையைத் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.